தேத்தண்ணிக்காரர் கையெழுத்துப் போடவில்லை

“ஒரு பிள்ளைட முகம் வாடிக் கிடக்கு. நீங்க பக்கத்தில போய், என்ன பிரச்சினை எண்டு கேக்கிறீங்க. பிள்ளை என்ன சொல்லும்?”

வளவாளர் டொறத்தி மிஸ் இப்படிக் கேட்டுவிட்டுக் கையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றார். மண்டபத்தில் இருந்த முப்பது பேரும் ஒரே குரலில் பதில் சொன்னார்கள்.

“ஒண்டுமில்லை மிஸ்!”

“அவ்வளவுதான். எந்தப் பிள்ளை உங்கட்ட அதை விட்டுட்டு வேற ஒரு பதில் சொல்லுதோ, அண்டைக்குத்தான் உங்கட நியமனக் கடிதம் உண்மையா வந்து சேருது. மற்றதெல்லாம் வெறும் கடதாசி.”

புதிதாக நியமனம் பெற்ற கல்லூரிப் போதனாசிரியர்களுக்கான பட்டறை அது. தொடர்பாடல், உளவளத்துணை, மாணவர் ஊக்குவிப்பு என்று மூன்று விடயம், மூன்று நாள். புதன் தொடங்கி வெள்ளி வரைக்கும், புத்தளம் நகரில் ஒரு சங்க மண்டபத்தில். வாசலில் கட்டிய பதாகை மண்டபத்தைவிட நீளமாக இருந்தது. கடைசிச் சொல் தூணுக்குப் பின்னால் மடங்கிப் போனதால், இடப்பக்கம் உட்கார்ந்தவர்களுக்கு ஊக்குவிப்பு தெரியவில்லை. தையல் படிப்பிப்பவர்கள், வெதுப்பகம் படிப்பிப்பவர்கள், கணக்கியல், உலோக ஒட்டுவேலை, மின்னியல் என்று மாவட்டத்தின் புதுமுகங்கள் எல்லாம் வந்திருந்தார்கள். டொறத்தி மிஸ் சிலாபத்துக்காரி. முப்பது வருடம் உளவளத்துணை பார்த்து ஓய்வு பெற்றவர். கோபம் வந்தால் சிங்களத்திலும் அன்பு வந்தால் தமிழிலும் பேசுவார் என்று முதல் நாளே கண்டுபிடித்துவிட்டார்கள்.

கடைசி வரிசையில் இருந்த யூட் மட்டும் கூட்டத்தோடு சேர்ந்து ‘ஒண்டுமில்லை’ சொன்னானே தவிர, மனதுக்குள் ஒரு சின்னப் பெருமையை நாக்கில் போட்டுச் சப்பிக்கொண்டிருந்தான். அவனிடம் வேறு பதில் சொன்ன பிள்ளை ஒன்று இருந்தது.

யூட்டுக்கு இருபத்தெட்டு வயது. கற்பிட்டிப் பக்கத்துக் கடற்தொழில் குடும்பம். அவன் மட்டும் கடலுக்குப் போகாமல் கட்டாருக்குப் போய், மூன்று வருடம் ஏ.சி. பூட்டிக் கழற்றிவிட்டுத் திரும்பியவன். தொழில்நுட்பக் கல்லூரியில் குளிரூட்டல், வளிச்சீராக்கல் பாடத்துக்குப் போதனாசிரியராகச் சேர்ந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. இயந்திரங்களோடு பேசிப் பழகிய ஆள். மனிதர்களோடு பேசும்போது கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் சட்டைப் பையில் உள்ள டெஸ்டரைத் திருகிக்கொண்டிருப்பான்.

அவனுடைய வகுப்பில் பதினைந்து பேர். பதினான்கு பொடியன்கள், ஒரு பெண். அவள் பெயர் நிஃப்லா. பாலாவிக்கு அங்கால் இருந்து பஸ்ஸில் வருவாள். தோளில் எப்போதும் ஒரு மடிக்கணினிப் பை. இரண்டு மாதத்துக்கு முன், இறுதி மதிப்பீடு பற்றி எல்லா வீட்டுக்கும் கல்லூரி கடிதம் அனுப்பவிருந்த நாளில், வகுப்பு முடிந்தும் அவள் போகாமல் நின்றாள். என்ன பிரச்சினை என்று யூட் கேட்டான். அவள் ஒண்டுமில்லை என்று சொல்லவில்லை. மடிக்கணினிப் பையைத் திறந்து காட்டினாள். உள்ளே கணினி இல்லை. மடித்த வேலைக் கோட்டு ஒன்றும், ஒரு குறடும், இரண்டு திருப்புளியும் இருந்தன.

“வீட்டில நான் கொம்பியூட்டர் படிக்கிறன் எண்டுதான் நினைச்சிட்டு ஈக்கிறாங்க சேர்,” என்றாள்.

விடயம் இதுதான். ஒரு வருடத்துக்கு முன் அவளுடைய வாப்பா நெய்னார் கையெழுத்துப் போட்டது கணினிப் பாடத்துக்கு. பதியப் போன நாளில் அந்த வகுப்பு நிரம்பிவிட்டது. குளிரூட்டலில்தான் இடம் இருக்கிறது என்று எழுதுவினைஞர் சொன்னார். வீட்டுக்குத் திரும்பினால் வீட்டோடுதான் என்று அவளுக்குத் தெரியும். சரி என்று பெயரைக் கொடுத்துவிட்டாள். வாரத்தில் மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தவள், மூன்றாம் நாள் ஒரு கம்பிரஸரைப் பிரித்துப் பார்த்ததும் மாறும் எண்ணத்தையே விட்டுவிட்டாள். வாப்பா பள்ளிவாசல் நிர்வாகத்தில் இருக்கிறவர். பதினான்கு பொடியன்களோடு எண்ணெய்க் கையாக நிற்கும் மகளை அவர் ஒரு நாளும் விடமாட்டார். கல்லூரிக் கடிதத்தில் பாடத்தின் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கும்.

இதோடு இன்னொரு கதையும் சொன்னாள். நோன்புப் பெருநாளுக்கு முந்தின கிழமை அவளுடைய சாச்சாவின், அதாவது வாப்பாவின் தம்பியின், சாப்பாட்டுக் கடையில் டீப் பிரீஸர் நின்றுபோனது. முந்தல் ஊரில் இருந்து திருத்த வருகிற சிங்களப் பாஸ் இன்று வருகிறேன், நாளை வருகிறேன் என்று இழுத்தடித்தார். வெள்ளிக்கிழமை ஆண்கள் எல்லாம் ஜும்ஆவுக்குப் போன நேரம், அவளும் சாச்சியும் பிரீஸரை இழுத்து வைத்தார்கள். கம்பிரஸர் முனகிவிட்டு ‘டக்’ என்று நிற்பதைக் கேட்டதுமே, அதைக் கிளப்பிவிடும் ரிலே போய்விட்டது என்று அவளுக்கு விளங்கிற்று. புதிதாக ஒன்றைப் பூட்டினாள். தொழுகை முடிந்து சாச்சா வரும்போது பிரீஸர் ஓடிக்கொண்டிருந்தது. பாஸ் வந்து செய்துவிட்டுப் போனார் என்று சாச்சி சொல்லிவிட்டார்.

“பொறகு சாச்சா பாஸுக்குப் போன் எடுத்து, பெரிய உபகாரம் செஞ்சீங்க எண்டு செல்லியிரிக்கார். பாஸ், நான் வரவே இல்லையே எண்டாராம். சாச்சா விடல்ல. உங்களப் போல தன்னடக்கம் உள்ள மனிசன நான் காணல்ல எண்டாராம்.”

இருவரும் சிரித்தார்கள். பிறகு அவள் சிரிப்பை நிறுத்தினாள்.

“சேர், ஒருத்தருக்கும் செல்லப் படாது.”

“சத்தியமாச் சொல்லமாட்டன்.”

அவன் அவளுடைய வீட்டுக்குப் போக இருந்த கடிதத்தைத் தபாலில் போடாமல் மேசை லாச்சிக்குள் போட்டுப் பூட்டினான். மதிப்பீடு முடிந்து, சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு வாப்பாவிடம் தானே சொல்வதாக நிஃப்லா திட்டம் போட்டிருந்தாள். அதுவரைக்கும் வாயைத் திறக்காமல் இருப்பதுதான் யூட்டின் வேலை. இரண்டு மாதம் அதை ஒழுங்காகவே செய்தான். பட்டறை நடந்த கிழமையில், மதிப்பீட்டுக்கு இரண்டு கிழமைதான் மிச்சம் இருந்தது.

வியாழக்கிழமை காலை டொறத்தி மிஸ் ஒரு பெரிய வெள்ளைத் தாளைச் சுவரில் ஒட்டி, ‘இந்த அறையில் சொன்னது இந்த அறையை விட்டுப் போகாது’ என்று எழுதினார். முப்பது பேரும் வரிசையில் வந்து கையெழுத்துப் போட்டார்கள். டொறத்தி மிஸ்ஸும் போட்டார். முப்பத்தொரு கையெழுத்து. பார்க்க ஒரு சர்வதேச உடன்படிக்கை மாதிரி இருந்தது.

பிறகு ஆளுக்கு ஒரு உண்மைச் சம்பவத்தை நடித்துக் காட்ட வேண்டும் என்றார். மாணவர் வந்து மனம் திறக்கிறார், ஆசிரியர் எப்படிக் கேட்கிறார் என்பதுதான் காட்சி.

“பெயரை மாத்துங்க. ஊரை மாத்துங்க. யார் எண்டு தெரியப் படாது. விளங்கிச்சா?”

முதலில் வந்தவர்கள் சொன்ன கதைகள் ஒன்றும் தேறவில்லை. ஒட்டுவேலை படிப்பிக்கும் தினுஷன், வகுப்பில் நித்திரை கொள்ளும் பொடியன் ஒருவனைப் பற்றிச் சொன்னான். நடித்த ஆளும் உண்மையிலேயே நித்திரையாகிவிடுவார் போல இருந்தது. டொறத்தி மிஸ் மணிக்கூட்டைப் பார்த்தார். யூட்டின் முறை வந்தது.

அவனுக்குச் சொல்வதற்கு வேறு கதையும் இருந்தது. குடும்பச் சண்டையால் வகுப்புக்கு வராமல் விட்ட ஒருவன், கட்டாருக்கு ஓடப் பார்த்த ஒருவன். ஆனால் முப்பது பேர் கொட்டாவியை விழுங்கிக்கொண்டு இருக்கிற இடத்தில், கையில் நல்ல கதையை வைத்துக்கொண்டு சப்பைக் கதையைச் சொல்ல எந்த மனிதனுக்கு மனம் வரும்? பெயர்தானே, மாற்றினால் போயிற்று என்று நினைத்தான்.

மாற்றுவதிலும் குறை வைக்கவில்லை. நிஃப்லாவை ஷானிகா ஆக்கினான். பாலாவியைத் தூக்கிச் சிலாபத்தில் வைத்தான். வெள்ளிக்கிழமை ஜும்ஆவை ஞாயிற்றுக்கிழமைப் பூசை ஆக்கினான். சாச்சாவை மாமா ஆக்கி, சாப்பாட்டுக் கடையை மீன் கடை ஆக்கினான். தையல் படிப்பிக்கும் டிலுக்ஷி ஷானிகாவாக நடித்தாள். மடிக்கணினிப் பைக்குள் இருந்து கோட்டை எடுத்துக் காட்டிய இடத்திலேயே மண்டபம் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டது. யூட்டுக்கு உற்சாகம் ஏறிவிட்டது. கையை எங்கே வைப்பது என்ற கவலையே போய்விட்டது.

எல்லாவற்றையும் மாற்றியவன், அந்தப் பகிடியை மட்டும் மாற்றவில்லை. அதை எப்படி மாற்றுவது? பாஸுக்குப் போன் எடுத்து உபகாரம் சொன்னதும், பாஸ் நான் வரவே இல்லை என்றதும், உங்களைப் போல தன்னடக்கம் உள்ள மனிதனைக் காணவில்லை என்று கடைக்காரர் சொன்னதும் சொல்லுக்குச் சொல் அப்படியே வந்தன. மண்டபம் குலுங்கியது. டொறத்தி மிஸ் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார்.

அந்தச் சிரிப்புக்குள் ஒரு சத்தம் நின்றுபோனதை யூட் மட்டும் கவனித்தான். பின்பக்க மேசையில் கோப்பைகளை அடுக்குகிற சத்தம். பத்து மணித் தேத்தண்ணியும் பற்றீஸும் கொண்டு வந்த மனிதர், கையில் ஒரு கோப்பையைப் பிடித்தபடி அவனைப் பார்த்துக்கொண்டு நின்றார். இரண்டு நாளாக அவர் வருகிறார், போகிறார். மின்விசிறி மாதிரி அவரும் அங்கே இருந்தார். அவரிடம் யாரும் கையெழுத்து வாங்கவில்லை.

தேத்தண்ணி குடிக்கப் போனபோது அவர் யூட்டுக்கு ஒரு பற்றீஸைத் தானே எடுத்து வைத்தார்.

“நல்லா நடிச்சீங்க சேர். அந்த மீன் கடை சிலாபத்தில எந்தப் பக்கம்?”

“அது... மார்க்கட் பக்கம் நானா.”

“ஆ.” அவர் சீனிப் போத்தலை நகர்த்தி வைத்தார். “எங்கட கடைலயும் ஒரு பிரீஸர் ஈக்கி. முன்னுக்குத்தான் கடை. பகலைக்கு வாங்களேன் பாக்க.”

யூட் பற்றீஸைக் கடிக்காமல் தட்டில் திருப்பி வைத்தான்.

பகல் இடைவேளையில் அவன் வீதியைக் கடந்து போனான். கடையின் பின்பக்கத்தில் வெள்ளை நிற டீப் பிரீஸர் ஏற்கனவே சுவரில் இருந்து இழுத்து வைக்கப்பட்டிருந்தது. கம்பிரஸருக்குப் பக்கத்தில், ரிலேயின் மூடியில், ஒரு துண்டு ஒட்டுநாடா. அதில் நீலப் பேனையால் திகதி. திகதிக்குப் பக்கத்தில் ‘நெ. நி.’ என்று இரண்டு எழுத்து.

எந்தப் பொருளைத் திருத்தினாலும் திகதியும் தன் பெயரின் முதலெழுத்தும் எழுதி உள்ளே ஒட்ட வேண்டும், வேலைக்கு நீங்கள் பொறுப்பு என்பதற்கு அதுதான் அடையாளம் என்று வகுப்பில் அடித்தடித்துச் சொன்னவன் யூட்தான். நிஃப்லா நல்ல மாணவி. களவாகச் செய்த வேலைக்கும் ஒட்டியிருந்தாள்.

“பதுர்தீன் எண்டு என்ட பேர்,” என்றார் கடைக்காரர். “நெய்னார் எங்கட நானா, கூடப் பொறந்த மூத்தவர். இது நிஃப்லாட எழுத்து. சின்னதில இருந்து எனக்குத் தெரியும்.”

“நானா, இன்னும் ரெண்டு கிழமைதான் இருக்கு. அவ சோதனை எழுதி முடிக்கட்டும். கும்பிட்டுக் கேக்கிறன், வீட்டில சொல்லாதீங்க.”

பதுர்தீன் பிரீஸரின் மூடியைத் திறந்து, உள்ளே கையை வைத்துப் பார்த்து, மூடினார்.

“எனக்குக் கோவம் இல்ல சேர். இந்தச் சாமான் அண்டைக்குப் பொறகு ஒரு நாள் நிக்கல்ல. ஆனா தெரியாம இருந்தாத் தெரியாது. தெரிஞ்ச பொறகு எங்கட நானாட மொகத்தப் பாத்து எப்பிடி மறைக்கிறது? நாளைக்கு ஜும்ஆக்கு நாங்க ரெண்டு பேரும் ஒரே சப்புல தோளோட தோள் நிப்பம். முடிஞ்சு வெளிய வந்ததும் செல்லத்தான் போறன்.” பிறகு குரலைத் தாழ்த்தினார். “அதுக்கு முந்திப் புள்ள தானாச் செல்லிட்டா, அது வேற கதை. இண்டைக்கு ஒரு போன் எடுத்துச் செல்லுங்க அவக்கிட்ட. ஒரு நாள் தாறன்.”

ஒரு நாள் என்பது கொஞ்ச நேரம் இல்லை. வியாழன் பின்னேரம் யூட் தொலைபேசியை மூன்று தரம் எடுத்தான். எண்ணும் இருந்தது, சிக்னலும் இருந்தது. சொல்ல வேண்டிய முதல் வசனம்தான் வரவில்லை. ‘உன் வாப்பாவிடம் இப்போதே சொல்லிவிடு’ என்று சொன்னால் ஏன் என்று கேட்பாள். ஏன் என்றால், நான் சொல்லிவிட்டேன். முப்பது பேருக்கு முன்னால், சிரிக்கச் சிரிக்க, டிலுக்ஷியைக் கோட்டு எடுக்க வைத்துச் சொல்லிவிட்டேன். அதை அவளிடம் சொல்வதற்கு அவனுக்கு வெட்கமாக இருந்தது. பயமாகவும் இருந்தது. பதுர்தீன் நானா நல்ல மனிதர், ஒரு வேளை சொல்லாமல் விட்டாலும் விடுவார் என்று தனக்குத் தானே ஆறுதல் சொல்லிக்கொண்டான். தொலைபேசியைச் சார்ஜில் போட்டான்.

வெள்ளிக்கிழமைக் காலை அமர்வின் தலைப்பு ‘மாணவர் நம்பிக்கையைக் கட்டியெழுப்புதல்’. யூட் குறிப்பெடுத்துக்கொண்டு இருந்தான். பதினொன்றரைக்குச் சான்றிதழ் கொடுத்தார்கள். சிறந்த நடிப்புக்கு என்று அவனுக்கு ஒரு கோப்பையும் கொடுத்தார்கள். வெள்ளைக் கோப்பை, அதில் பெரிய காது ஒன்றின் படம். எல்லோரும் கைதட்டினார்கள். கைதட்டல் அடங்கும்போது பள்ளிவாசலில் பாங்கு சொல்லத் தொடங்கியது.

திங்கட்கிழமை நிஃப்லா வரவில்லை. செவ்வாயும் வரவில்லை. பதினான்கு பொடியன்களும் அவளுடைய மேசையைப் பார்ப்பதும் யூட்டைப் பார்ப்பதுமாக இருந்தார்கள். றிஸ்மின் என்ற பொடியன், “சேர், நிஃப்லாக்குச் சுகமில்லயா?” என்று கேட்டான். ஒண்டுமில்லை என்று யூட்டின் வாயில் வந்தது. அதை விழுங்கிவிட்டு, தெரியாது என்றான். மதிப்பீடு அடுத்த வாரம் வியாழன். கொழும்பில் இருந்து ஆட்கள் வருவார்கள். அன்று இல்லாத பெயரை வெட்டிவிட்டுப் போய்விடுவார்கள். பிறகு எப்போது நடக்கும் என்று கல்லூரிக்கே தெரியாது.

புதன் பின்னேரம் அவன் பாலாவிக்குப் போனான்.

நெய்னார் அவனை வாசலில் நிற்க வைக்கவில்லை. கதிரை போட்டு உட்கார வைத்தார். ஐம்பதைத் தாண்டிய மெலிந்த மனிதர். உப்பு லொறிகளுக்குத் துண்டுச் சீட்டு எழுதுகிறவர். தொண்ணூறில் மன்னாரில் இருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது பள்ளிக்கூடப் புத்தகங்களை மட்டும் தூக்கிக்கொண்டு வந்தவர் என்று நிஃப்லா ஒரு முறை சொல்லியிருந்தாள். அந்தப் படிப்பு பிறகு தொடரவில்லை. நிஃப்லாவும் இருந்தாள். உம்மாவுக்குப் பக்கத்தில், நிலத்தைப் பார்த்துக்கொண்டு.

யூட் பட்டறையில் எழுதிய குறிப்புகளை மனதுக்குள் புரட்டினான். மற்றவரின் உணர்வை முதலில் அடையாளம் காணுங்கள்.

“நானா, உங்களுக்குக் கோவமா இருக்கு எண்டு எனக்கு விளங்குது.”

“கோவம் எண்டு நான் செல்லல்லயே.”

திறந்த கேள்வி கேளுங்கள். “அப்ப, நீங்க இதை எப்பிடிப் பாக்கிறீங்க எண்டு கொஞ்சம் சொல்ல ஏலுமா?”

“என்ன சேர், ஏதாவது படிவம் நிரப்பப் போறீங்களா?”

யூட்டின் சட்டைப் பையில் கை தானாகப் போய் டெஸ்டரைத் தேடியது. அது இல்லை. பிறகு அவன் குறிப்புகளை எல்லாம் விட்டுவிட்டுச் சொன்னான்:

“நான் பிழை செய்திட்டன் நானா. சொல்லமாட்டன் எண்டு சத்தியம் பண்ணிட்டுச் சொல்லிட்டன். அவ கெட்டிக்காரி. என்ட பிழைக்கு அவட சோதனையை நிப்பாட்டாதீங்க. அதைக் கேக்கத்தான் வந்தன்.”

நெய்னார் குனிந்து தன் உள்ளங்கையைப் பார்த்தபடி சொன்னார்:

“ஒரு வருசம் எனக்குப் பொய் செல்லி இரிக்கா. அது எனக்கும் என்ட மகளுக்கும் உள்ள கதை. அத நாங்க பேசிட்டம். அழுது, ஏசி, எல்லாம் முடிஞ்சி.” அவர் நிமிர்ந்தார். “உங்கட கதைதான் எனக்கு வெளங்கல்ல. எனக்கே செல்லாத ஒண்ட அவ உங்கட்டச் செல்லி இரிக்கா. அவ்வளவு நம்பிக்கை. நீங்க அத வச்சி ஆக்களச் சிரிக்க வச்சிட்டீங்க. என்ட தம்பி தேத்தண்ணித் தட்டத் தூக்கிட்டு நிண்டு, அவனையே பகிடி பண்ணுறதக் கேட்டுட்டு இருந்திரிக்கான். சரி, அதுவும் போகட்டும். வாய் தவறிட்டு எண்டு வைப்பம். தம்பி உங்களுக்கு ஒரு நாள் தந்தானே சேர். ஒரு போன் எடுக்கச் செல்லி. எடுத்தீங்களா?”

அப்போதுதான் நிஃப்லா தலையைத் தூக்கினாள். அந்த ஒரு நாள் கதை அவளுக்குத் தெரியாது. கதை சாச்சாவின் காதில் விழுந்தது சேருக்கே தெரியாமல் நடந்திருக்கும் என்றுதான் ஐந்து நாளாக நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். இப்போது அவனை நேராகப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் தேவலை. ஓடாத இயந்திரம் ஒன்றில் பிழை எங்கே என்று தேடும்போது பார்ப்பாளே, அப்படிப் பார்த்தாள். பிழையைக் கண்டுபிடித்ததும் பார்வையை எடுத்துக்கொண்டாள்.

“எடுக்கல்ல நானா,” என்றான் யூட்.

“ம்.”

வெளியே சைக்கிள் ஒன்று நின்றது. பதுர்தீன் உள்ளே வந்து, யூட்டைக் கண்டு தலையை ஆட்டிவிட்டு, யாரும் கேட்காமலே கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“நானா, நேத்து நீங்களும் வந்து பாத்தீங்கதானே. ஐஸ் எப்பிடி ஈக்கி?”

“பாத்தன், பாத்தன்,” என்றார் நெய்னார் சிடுசிடுப்பாக. “கைய வச்சும் பாத்தன். வெறச்சிப் போச்சி.” அந்தச் சிடுசிடுப்புக்குள் ஒரு துளி பெருமை இருந்தது. அதை மறைக்க அவருக்கு அவ்வளவாகத் தெரியவில்லை. மகள் பக்கம் திரும்பினார். “நீ என்ன செல்றா?”

“நான் போறன் வாப்பா. முடிக்கணும்.”

“போ. ஆனா ஒண்டு. அந்தக் கோட்ட இனிப் பைக்குள்ள ஒளிச்சிக் கொண்டு போகப் படாது. வீட்டுலயே உடுத்திட்டுப் போ. பஸ்ஸில ஆக்கள் பாக்கட்டும். கேட்டாங்க எண்டா, என்ட வாப்பாதான் அனுப்பினாரு எண்டு செல்லு.”

உம்மா தேத்தண்ணி கொண்டு வந்து வைத்தார். யூட் குடித்தான். சீனி சரியாக இருந்தது. அந்த வீட்டில் அவனுக்கு ஒரு குறையும் வைக்கவில்லை, அதுதான் அவனுக்கு அதிகமாக வலித்தது.

வியாழக்கிழமையே நிஃப்லா வந்துவிட்டாள். நீலக் கோட்டு, தலையில் வெள்ளைப் பர்தா, கையில் குறடும் திருப்புளியும் போட்ட ஒரு சாதாரணத் துணிப்பை. மடிக்கணினிப் பையைத் தங்கச்சிக்குக் கொடுத்துவிட்டதாக றிஸ்மினிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். பொடியன்கள் கேலி செய்தார்கள், அவளும் சிரித்தாள். முன்பெல்லாம் வகுப்புக்குக் கால் மணித்தியாலம் முந்தி வந்து, சாச்சி சொன்னது, பஸ்ஸில் நடந்தது, வாப்பா நேற்றுக் கேட்ட கணினிக் கேள்விக்குத் தான் சொன்ன சமாளிப்பு என்று யூட்டிடம் அவிழ்த்து விடுவாள். இப்போது மணி அடிக்கும்போது சரியாக வந்தாள். பாடத்தில் சந்தேகம் இருந்தால் கையை உயர்த்திக் கேட்டாள். பதில் கிடைத்ததும் நன்றி சேர் என்றாள். ஒரு மாணவி எப்படி இருக்க வேண்டும் என்று எந்த ஆசிரியரிடம் கேட்டாலும் இப்படித்தான் என்று சொல்வார்கள்.

அடுத்த வியாழன் மதிப்பீட்டுக்காரர்கள் வந்தார்கள். வேண்டுமென்றே பழுதாக்கி வைத்த குளிர்சாதனப் பெட்டியை நிஃப்லா பன்னிரண்டு நிமிடத்தில் ஓட வைத்தாள். ரிலேயை மாற்றி, ஒட்டுநாடாவில் திகதியும் எழுத்தும் எழுதி ஒட்டியதைப் பார்த்து, இதை யார் சொல்லிக் கொடுத்தது என்று ஒருவர் கேட்டார். எங்கட சேர், என்று அவள் யூட்டைக் காட்டினாள். சத்தமாகவும் மரியாதையாகவும் சொன்னாள். அவர் யூட்டைப் பாராட்டிவிட்டுப் போனார்.

அன்று காலைத் தபாலில் டொறத்தி மிஸ்ஸிடம் இருந்து ஒரு படிவம் வந்திருந்தது. பட்டறையின் பயன் பற்றி ஏழு கேள்வி. ஐந்தாவது கேள்வி: ‘இதுவரை எத்தனை மாணவர் உங்களிடம் மனம் திறந்து பேசியுள்ளனர்?’ அந்த ஒரு கட்டத்தை மட்டும் விட்டுவிட்டு மற்றதை எல்லாம் யூட் நிரப்பி, காது போட்ட கோப்பைக்குக் கீழே வைத்திருந்தான். கோப்பைக்குள் ஆணியும் வொஷரும் கிடந்தன.

பின்னேரம் எல்லோரும் போன பிறகு கல்லூரி வாசல் கேட்டடியில் நிஃப்லா பஸ்ஸுக்கு நின்றாள். யூட் பக்கத்தில் போனான். அவளுடைய முகம் வாடித்தான் கிடந்தது. நாள் முழுக்க வேலை செய்த களைப்பாக இருக்கலாம். வீட்டில் ஏதாவது நடந்திருக்கலாம். பள்ளிவாசலில் யாராவது வாப்பாவை ஏதாவது கேட்டிருக்கலாம். மூன்று கிழமைக்கு முன் என்றால் கேட்க வேண்டிய தேவையே இருந்திருக்காது.

“நல்லாச் செய்தீங்க,” என்றான். அவள் தலையை ஆட்டினாள். அவன் போகாமல் நின்றான். “ஏன், ஒரு மாதிரி இருக்கிறீங்க? வீட்டில ஏதும் பிரச்சினையா?”

பாலாவிப் பக்கம் போகும் பஸ் திருப்பத்தில் தெரிந்தது. நிஃப்லா துணிப்பையைத் தோளில் சரிசெய்துகொண்டு, நல்ல பிள்ளை மாதிரிப் புன்னகைத்தாள்.

“ஒண்டுமில்லை சேர்,” என்று சொல்லிவிட்டு, கையைக் காட்டி பஸ்ஸை நிறுத்தி ஏறிப் போனாள்.